நாற்பதும் பத்தும்

அன்புள்ள கடைக்குட்டிக்கு,

உன் அண்ணி எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணனும் நன்றாக இருக்கிறோம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்கப்போவதில்லை, அது எனக்குத் தெரிந்துவிட்டது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் பேசினால் பாதியிலேயே சிரித்து, "சரி அண்ணி, அப்புறம் பேசறேன்" என்று நழுவிவிடுவாய். காகிதத்தில் குறுக்கே பேச முடியாது. முழுசாக உட்கார்ந்து படி.

வேலையை விட்டுவிட்டு ஒரேயடியாக வீட்டுக்கு வந்துவிடப் போகிறேன், முன் அறையை ஒழித்து வையுங்கள் என்று போன வாரம் சேதி அனுப்பியிருந்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னல் திரையைக் கழற்றித் துவைத்தேன். உனக்குப் பிடித்த அந்த நீளத் தலையணைக்குப் புது உறை தைத்தேன். உன் அண்ணன், நான் திட்டத் திட்ட, ஸ்டூல் போட்டு ஏறி விசிறியைத் துடைத்தார். அதற்கப்புறம்தான் உன் மனைவி போன் செய்தாள். அழுகைக்கு நடுவே அவள் சொன்னதைக் கோர்த்துப் புரிந்துகொள்ளவே நேரமாகிவிட்டது. இதயத்துக்குப் போகிற ரத்தக் குழாய்களில் அடைப்பாம். ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும், உடம்பு தாங்கும் என்று டாக்டர் சொல்கிறாராம். நீதான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று அடம் பிடிக்கிறாயாம். "அடுத்த மாசம் எனக்கு நாற்பத்தொன்பது முடியுது, எங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு அதோட சரி, இதுல வெட்டி ஒட்டி என்ன ஆகப்போகுது" என்று சொன்னாயாம்.

அப்போதுதான் முன் அறை எதற்கு என்று எனக்கு உறைத்தது. உன் அப்பா கடைசியாகப் படுத்திருந்த அறை அது.

அறையை ஒழிக்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துவைத்த திரையையும் இன்னும் மாட்டவில்லை. உன் மனைவியை எதுவும் சொல்லாதே, அவள் என்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்லுவாள்?

நான் இந்த வீட்டுக்கு வந்தபோது உனக்கு முன்பல் இரண்டும் கிடையாது. வாயைக் கையால் மூடிக்கொண்டுதான் என்னிடம் பேசினாய். வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, டீத்தூள் வாங்கி வரச் சொன்னார் உன் அம்மா. எவ்வளவு அத்தை என்று கேட்டேன். நாற்பதும் பத்தும் கிராம் என்றார். கணக்கில் நான் கெட்டிக்காரி என்று காட்டிக்கொள்ளும் ஆசையில், இரண்டையும் கூட்டி வாய்விட்டுச் சொல்லி, அவ்வளவுதானே அத்தை என்றேன். பாவம், மாவுக் கையோடு ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். மூக்கெல்லாம் மாவு. நீ மூலையில் நின்று விழுந்து விழுந்து சிரித்தாய். அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் சொல்லக் கூடாது என்று அப்புறம் நீதான் எனக்கு ரகசியமாகச் சொன்னாய், அதுவும் அந்தச் சொல்லைச் சொல்லாமலே.

கடைக்காரருக்கு நம் வீட்டுக் கதை தெரியும். கேலிக்காகவே நாற்பது ஒரு பொட்டலம், பத்து ஒரு பொட்டலம் என்று தனித்தனியாகக் கட்டிக் கொடுப்பார். பள்ளிக்கூடத்தில் நீ எண் ஒப்பித்தது நினைவிருக்கிறதா? நாற்பத்தெட்டு, நாற்பத்தொன்பது வரை தடதடவென்று போய், நாற்பதும் பத்தும், நாற்பதும் பதினொன்றும் என்று தொடர்ந்து, அறுபதில்தான் ஊர்வழிக்கு வந்தாயாம். வாத்தியார் உன்னைப் பெஞ்சு மேல் ஏற்றிவிட்டார். வீட்டில் அப்படித்தான் சொல்லித் தந்தார்கள் என்றிருக்கிறாய், அவர் நம்பவில்லை. நான் வந்துதான் உன்னை இறக்கிக் கூட்டிப் போனேன். வழி முழுக்க அழுதாய். யார் சொல்வது சரி அண்ணி என்று கேட்டாய். நானும் புதிதாக வந்தவள், என்ன சொல்லுவேன்? பள்ளிக்கூடத்தில் அவர் சொல்வது சரி, வீட்டில் அத்தை சொல்வது சரி என்று சொல்லி வைத்தேன்.

தாத்தாவுக்கு நாற்பத்தைந்து. பெரியப்பாவுக்கு நாற்பத்தேழு. உன் அப்பாதான் எல்லாரையும்விடப் பக்கத்தில் போனவர், நாற்பத்தொன்பது. எல்லாரும் நம் கல்பட்டறையில் தரைக்கல் அறுத்தவர்கள். ஆனால் யாரும் பட்டறையைச் சொல்லவில்லை, ரத்தத்தைத்தான் சொன்னார்கள். நம் வீட்டு ஆண் ரத்தம் அப்படி, பெண் ரத்தம் கெட்டி என்பார்கள். உன் அம்மா எண்பதைத் தாண்டி இருந்ததும் அந்தப் பேச்சுக்கு வசதியாகப் போயிற்று. மேட்டுத் தெருவில் இருந்த முதலாளியின் அண்ணன் எழுபத்தெட்டு வயதில் புதுச் செருப்பு வாங்கி, கடிக்கிறது என்று கடைக்காரரோடு சண்டை போட்டார். அவர் உடம்பு பால் குடித்து வளர்ந்த உடம்பு என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம். அவர் வீட்டுப் பக்கம் காற்று அடிக்காது, தூசி முழுக்க நம் பக்கம்தான் வரும் என்பது தினமும் வீடு பெருக்கிய எங்களுக்கே தோன்றவில்லை.

அந்தத் தூசியை நினைத்தால் இப்போதும் நாக்கில் அதன் ருசி வருகிறது. சீப்பில் இருக்கும், மடித்து வைத்த துணிக்குள் இருக்கும், மூடி வைத்த தண்ணீர்மேல் பாலாடை மாதிரி படிந்திருக்கும். சாயங்காலம் உன் அப்பாவின் இருமல் தெருமுனையில் திரும்பும்போதே கேட்கும். அது கேட்டதும் நான் டீக்குத் தண்ணீர் வைப்பேன், உன் அம்மா துண்டை எடுத்து வாசலில் போடுவார், நீ ஓடிப்போய் அவர் சட்டைப் பையைத் துழாவுவாய். எவ்வளவு நல்ல சாயங்காலங்கள் அவை! இருமல்தான் அவரைக் கொண்டுபோயிற்று, ஆனாலும் எனக்கு அது வீடு நிறைந்த சத்தம். இன்றைக்கும் எங்காவது பஸ்ஸில் யாராவது அப்படி இருமினால் கை தன்னால் அடுப்பைத் தேடுகிறது. நீ விளையாடுவாயே, அப்பா விளையாட்டு! துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, நெஞ்சைப் பிடித்து, லொக்கு லொக்கு என்று. பெரிய ஆளாவது என்றால் இருமுவது என்றுதான் உனக்குத் தெரியும். எல்லாரும் கைதட்டிச் சிரித்தோம்.

சலவைக்கடை அக்காவை மறந்திருக்க மாட்டாய். பட்டறைக்குப் பின்சுவரை ஒட்டிக் கடை வைத்திருந்தவர். ஆஸ்பத்திரி, விடுதி என்று வெள்ளை விரிப்பாகவே அவருக்கு வரும். காயப் போட்ட விரிப்பெல்லாம் பட்டறைத் தூசி படிந்து பழுப்பாகும், மறுபடி துவைப்பார், மறுபடி பழுப்பாகும். உன் அப்பா போன மறுவருஷம் ஒரு பெரிய விடுதி அவரிடம் துணி போடுவதை நிறுத்திவிட்டது. அன்றைக்கு ஈர விரிப்பு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றார் பார், தெருவே கூடிவிட்டது. முதலாளியைப் பார்த்து, "என் துணியில விழுறதையாச்சும் நான் தட்டி விட்டுடுவேன், இந்த ஆளுங்க நெஞ்சுல விழுறத யார்யா தட்டறது" என்று கத்தினார். உடனே நம் ஆட்களுக்குத்தான் ரோஷம் வந்தது. செத்தவரை இழுத்துப் பேசுகிறாளே என்று உன் அண்ணன் கையை ஓங்கிக்கொண்டு போனார். நான்தான் சட்டையைப் பிடித்து இழுத்தேன், கிழிந்த சட்டையை அப்புறம் தைத்ததும் நான்தான்.

அவர் விடவில்லை. தினமும் ஒரு பழுப்பு விரிப்பைக் கொண்டுவந்து முதலாளி மேஜைமேல் போட்டுவிட்டுப் போவார். தொல்லை தாங்காமல் முதலாளி ஒரு குழாய் இழுத்து, கல் அறுக்கும் ரம்பத்துமேல் தண்ணீர் சொட்டுகிற மாதிரி செய்தார். பாலிஷ் மிஷினுக்கும் அப்படியே. தூசி பறப்பது நின்று, சேறாகக் கீழே ஓடியது. நம் ஆட்கள் அவரைத் திட்டாத நாள் இல்லை. கால் ஊறிப்போகிறது, சளி பிடித்துவிடும், உயிருக்கே ஆபத்து என்றெல்லாம் சொன்னார்கள். சளிக்குப் பயந்தார்கள் பார்! உன் அண்ணனுக்கு அப்போது இருபத்தேழு. கல்யாணம் ஆனதிலிருந்து வெள்ளையாக வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மனிதர் அன்றிலிருந்து சேறாக வந்தார். எனக்குத் துவைக்கிற வேலை இரட்டிப்பானது, நானும் அந்த அக்காவைத் திட்டினேன்.

அந்த அக்கா கிழவியாகவில்லை. வெந்நீர் பட்ட புண்ணைக் கவனிக்காமல் வேலை பார்த்து, ஜுரம் கண்டு, இரண்டே வாரத்தில் போய்விட்டார். நம் வீட்டு ஆண்களுக்கு ஆயுசைக் கூட்டிக் கொடுத்தவர் அவர்தான். விரிப்பு வெள்ளையாக இருக்கவேண்டும் என்று போட்ட சண்டையில் அது நடந்தது, அவருக்கே தெரியாது.

இன்னொன்றும் சொல்கிறேன், கேள். இந்த வீட்டில் குழந்தை தங்காது என்றும் உன் அம்மா நம்பிக்கொண்டிருந்தார். உனக்கும் உன் அண்ணனுக்கும் நடுவில் பதினெட்டு வருஷம் சும்மா போகவில்லை. நான்கு குழந்தைகள் பிறந்து, வயிற்றுப்போக்கிலும் ஜுரத்திலும் போய்விட்டன. அதற்கும் ரத்தம்தான் காரணம் என்றார்கள். நீ பிறந்த வருஷம் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது, வீடு வீடாக வந்து தடுப்பூசி போட்டார்கள். நீ தங்கினாய். உன் ஜாதகம் பலம் என்று எல்லாரும் சொன்னார்கள். உனக்குப் பிறகு இந்தத் தெருவில் பிறந்த அத்தனை குழந்தைகளுக்குமா ஜாதகம் பலம்? சொல்லப்போனால் நம் வீட்டுக் கணக்கைப் பொய்யாக்கிக்கொண்டுதான் நீ பிறந்தாய். அதைப் பிடித்துக்கொண்டு இப்போது சாகிறேன் என்கிறாயே, உனக்கு வெட்கமாக இல்லை?

உன் அண்ணனுக்கு நாற்பத்தொன்பது நடந்த வருஷத்தை மறந்துவிட்டாயா? புதுச் சட்டை எடுக்க மாட்டேன் என்றுவிட்டார். எனக்கு பியூஸ் போடக் கற்றுக்கொடுத்தார். சைக்கிளைப் பட்டறை நண்பருக்குக் கொடுத்துவிட்டார். நீ விடுப்பு எடுத்துக்கொண்டு கடல் தாண்டி ஓடி வந்தாய். இரண்டு பேரும் முன் அறையில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறந்தநாள் வந்தது, போனது. அவர் தும்மக்கூட இல்லை. உன் விடுப்பு முடிந்தது. வழியனுப்ப வந்த இடத்தில், "உன்னை வீணா அலைய வெச்சுட்டேன், மன்னிச்சுக்கடா" என்று உன்னிடம் சொன்னாராம். அதற்கப்புறம் ஒரு மாசம், எல்லாரிடமும் விடைபெற்றுப் போய் ரயிலைத் தவறவிட்டுத் திரும்பி வந்தவர் மாதிரி கூச்சப்பட்டுக்கொண்டு திரிந்தார். சைக்கிளைத் திருப்பிக் கேட்கவே அரை வருஷம் ஆயிற்று. அதற்குள் நண்பர் அதற்குப் பச்சைப் பெயின்ட் அடித்துவிட்டார்.

அப்படித் தாண்டி வந்தும் அந்தச் சொல்லை அவர் சொல்லவில்லை. போன வருஷம் மூச்சு வாங்குகிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். வயது கேட்ட நர்ஸிடம், அறுபதைத் தாண்டியும் பழக்கம் விடாமல், நாற்பதும் இருபத்தாறும் என்றார். அந்தப் பெண் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, யாருக்கும்மா இருபத்தாறு என்று கேட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. டாக்டர் நெஞ்சுப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மேல்பக்கம் பொட்டுப் பொட்டாக வெள்ளை. கல் வேலையா, தண்ணீர் விடாமல் எத்தனை வருஷம் அறுத்தீர்கள் என்று கேட்டார். அப்பா, பெரியப்பா, தாத்தா என்று உன் அண்ணன் வரிசையாகச் சொன்னதும் அவர் ஆச்சரியமே படவில்லை. "அது ரத்தத்துல வர்றது இல்லீங்க, கல்தூசி. தண்ணி விட்டதால நீங்க தப்பிச்சீங்க" என்றார். ஆண்டாண்டு காலமாக நாம் பயந்த பயத்தை அந்த மனிதர் மருந்துச் சீட்டு எழுதிக்கொண்டே சொல்லி முடித்துவிட்டார். உன் அண்ணன் அந்தப் படத்தை மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார். வீட்டு வாசலில் நின்று, "அப்போ அப்பா இருந்திருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன்.

நீ ஒரு நாள் கல் அறுத்தவன் இல்லை. குளிர்க் கிடங்கில் பெட்டி எண்ணுகிறவன். உன் நெஞ்சில் இருப்பது வேறு நோவு, அதற்கு மருந்து இருக்கிறது, வைத்தியர் இருக்கிறார், தேதிகூடக் குறித்துக் கொடுத்திருக்கிறார்கள். உன் அப்பாவுக்கு இதில் எதுவும் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா? உன்னைத் தூக்கிக்கொண்டு இரண்டு படி ஏற மூச்சில்லாமல் நடுவில் நின்று, வேடிக்கை பார்க்கிற மாதிரி நடிப்பாரே, அந்த மனிதர் வேண்டாம் என்று சொல்லியிருப்பாரா?

உன் மனைவி சொன்னதை நான் உன் அண்ணனிடம் மறைக்கவில்லை. கேட்டதிலிருந்து மவுத் ஆர்கனைத் தொடவில்லை. உனக்குத் தெரியாதே, அறுபது வயதுக்கு மேல் அதைக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஒரே பாட்டு, அதிலும் பாதி. பக்கத்து வீட்டு நாய் சேர்ந்து ஊளையிடும். இருந்தாலும் இந்த வீட்டு ஆம்பளை ஒருவருக்கு ஊதித் தள்ள மூச்சு மிச்சமிருக்கிறதே என்று நான் வாயைத் திறப்பதில்லை. முன் அறை முழுக்க அந்தச் சத்தத்துக்குத்தான், அதனால்தான் உனக்குத் தர முடியாது.

நேற்றுக் காலை நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தார். மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார், நெற்றியெல்லாம் வேர்வை. டாக்டர் சொன்னது மூளைக்குப் போனதே தவிர, பயம் இருக்கிற இடத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. "நான் சொல்றத அப்படியே எழுது" என்றார். சொன்னார்: "ஐம்பது. எனக்கு ஐம்பது வந்துச்சுடா, போச்சு. அறுபதும் வந்துச்சு, போச்சு. இப்ப அறுபத்தேழு. நாற்பத்தொன்பதுக்கு அடுத்தது ஐம்பதுதான், உங்க வாத்தியார் சொன்னதுதான் சரி. கையெழுத்துப் போடு."

கடைக்குட்டி, யோசித்துப் பார். நாற்பது வருஷத்துக்கு மேல் இந்தக் கூரைக்குக் கீழே யாரும் சொல்லாத சொல். நான் கூரையைப் பார்த்தேன், அவரும் பார்த்தார். வெளியே குப்பை வண்டி மணி அடித்துக்கொண்டு போனது. இன்று காலை கண் திறந்ததும், "இருக்கேனா" என்று என்னைக் கேட்டார். இருக்கீங்க, போய் பால் வாங்கிட்டு வாங்க என்றேன். போயிருக்கிறார். உனக்காகத்தான் அவர் அதைச் சொன்னார். தனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று பயந்துகொண்டே சொன்னார். இதைவிட வேறென்ன செய்ய அவரால் முடியும்?

என் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை என்பது உனக்குத் தெரியும். அதைப் பற்றி நாம் பேசியதில்லை, இப்போதும் பேச வேண்டாம். உனக்கு முதன்முதலாகப் பித்தான் போடக் கற்றுக்கொடுத்தது நான் என்பதை மட்டும் நினைவில் வை. இன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டு உன் மனைவியிடம் சொல், அவளை எனக்குப் போன் செய்யச் சொல். ஆபரேஷன் முடிந்து உடம்பு தேறியதும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். நடு அறையில் படுக்கை போடுகிறேன்.

கடிதத்தை முடிக்கும்போது பெரியவர்கள் நூறு வயது வாழ்க என்று எழுதுவார்கள். எனக்கு அந்த மாதிரி எண்களில் நம்பிக்கை விட்டுப்போயிற்று. என் ஆசீர்வாதம் இதுதான். நீ கிழவனாக வேண்டும். பல்லெல்லாம் கொட்டி, காது மந்தமாகி, சொன்ன கதையையே திரும்பத் திரும்பச் சொல்லி, கண்ணாடியை நெற்றியில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடி, உன் மகளிடம் தினமும் திட்டு வாங்குகிற கிழவனாக வேண்டும். அதைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் இருக்க மாட்டோம். அப்படித்தான் இருக்க வேண்டும், அந்த வரிசையை மாற்றிவிடாதே அப்பா.

உன் அண்ணி